பழத்தோட்டத்து வீடும் முற்றமும்

வைகை அணை 1959 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21 ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் காமராசர் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1957 இல், அண்மையிலுள்ள பெரியகுளத்தில் பழ ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. 1990 இல் அது தோட்டக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. பி.கே.எம். 1 என்று பெயரிட்டு நம் உழவர்கள் பயிரிடும் சப்போட்டா, எலுமிச்சை, செடிமுருங்கை ஆகியவை அங்கிருந்து புறப்பட்டவையே. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வட்டாரத்து மரங்களுக்கும் கொடிகளுக்கும் குழி எடுப்பது முதல் கவாத்துச் செய்வது வரை வழி சொல்வோர் பலர் இருக்கின்றனர். அம்மரங்களுக்கு நடுவே குடியிருக்கும் குடும்பம் எவ்வாறு வாழ வேண்டும் என்பது பற்றி மட்டும் அதிகமாக எவரும் பேசுவதில்லை.

பழத்தோட்டம் நெல்வயலைப் போன்றதன்று. காய் திரண்ட நாள் முதல் அதற்குக் காவல் வேண்டும். மின்சாரம் வரும் நேரம் நள்ளிரவாயினும் எழுந்து சென்று நீர் பாய்ச்ச வேண்டும். பறித்த கனி ஒரு பகல் வெயிலில் கிடந்தால் விலை இறங்கிவிடும். ஆகையால் தோட்டக்காரர் தோட்டத்திலேயே குடியிருக்க விரும்புவது இயல்பே. ஆனால் நடைமுறையில் நாம் காண்பது யாது? ஒருபுறம், பத்தடிக்குப் பத்தடி மோட்டார் ரூமே வீடாகிவிடுகிறது. உர மூட்டைகளுக்கும் மருந்துப் புட்டிகளுக்கும் இடையில் குழந்தைகள் உறங்குகின்றனர். மறுபுறம், இரண்டு நல்ல மகசூல் கண்டவுடன் கடன் வாங்கி, பட்டணத்து மாடி வீடு ஒன்றை அப்படியே பெயர்த்து வந்து தோட்டத்தின் நடுவில் வைத்துவிடுகின்றனர். அவ்வீட்டில் வரவேற்பறை இருக்கிறது. பறித்த மாங்காயைக் கொட்ட நிழல் இல்லை.

தோட்டத்து வீட்டை வெளியிலிருந்து உள்நோக்கிக் கட்டிவர வேண்டும் என்பதே நாம் இங்கே சொல்ல விரும்புவது. முதலில் காற்றுத் தடுப்பு, பிறகு கிணறும் கழிப்பிடமும், பிறகு நிழற்கொட்டகையும் களமும், இறுதியில் அறைகள்.

இடம் தேர்வதிலிருந்து தொடங்குவோம். தோட்டத்தில் எங்கே மரம் நன்றாக வளராதோ அங்கேதான் வீடு அமைய வேண்டும். சரளை மேடு, பாறை மேலெழுந்து நிற்கும் கரடு, மண்வெட்டி இறங்காத மூலை ஆகியவை மரத்திற்கு ஆகாதவை. கட்டடத்திற்கோ மிகவும் ஏற்றவை. கடைக்காலுக்கு ஆழம் தோண்டும் செலவும் குறையும், மழைநீரும் தேங்காது. நாலடிக் குழி ஒன்று எடுத்துப் பார்த்தாலே மண்ணின் தன்மை விளங்கிவிடும். செம்மண்ணும் அதன் கீழே சரளையும் தென்பட்டால் கருங்கல் கடைக்கால் போதுமானது. கரிசல் மண்ணாயின் எச்சரிக்கை வேண்டும். அது மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால், வெடிப்பு எட்டாத ஆழம் வரை கடைக்கால் செல்லாவிடில் சுவர் பிளந்துவிடும்.

மேட்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. மலையடிவாரத்து ஓடைகள் பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, திடீரென ஓரிரவில் கரை புரளும் இயல்புடையவை. வறண்ட ஓடையின் கரை வீடு கட்ட அழகான இடமாகத் தோன்றும், அதை நம்பலாகாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது, அணையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்வது நன்று.

நீரைப் பற்றியும் ஒரு சொல். அணைக்கு அருகே நிலம் இருப்பதால் அணையின் நீர் நமக்குக் கிடைக்கும் என்று வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்குவோர் எண்ணிக்கொள்கின்றனர். வைகை அணையின் உயரம் 111 அடி. அதில் 71 அடி வரை நீர் தேக்கப்படுகிறது. அந்நீர் முறைப்படி கீழ்நோக்கிச் சென்று மதுரை முதலிய மாவட்டங்களின் பாசனத்திற்கும் குடிநீருக்கும் பயன்படுவது. ஆற்றிலிருந்தோ நீர்த்தேக்கத்திலிருந்தோ அனுமதியின்றி நீர் இறைப்பது குற்றமாகும். இங்குள்ள தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருப்பவை. ஆதலின் வீட்டின் இடத்தைக் கிணற்றின் இடமே தீர்மானிக்க வேண்டும். கழிப்பிடக் குழி கிணற்றுக்குக் குறைந்தது 50 அடி தள்ளி, நில மட்டத்தில் தாழ்ந்த பக்கமாக அமைய வேண்டும். கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்புவதையும், பயனற்ற ஆழ்துளைக் கிணற்றை மூடுவதையும் வீட்டு வேலை முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப் போடலாகாது. 2019 இல் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து மாண்டதை நாடே அறியும்.

இனிக் காற்று. தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளே இங்குள்ள காற்றின் வலிமைக்குச் சான்று. ஆனி பிறந்தது முதல் ஆவணி கழியும் வரை, மலைத்தொடரின் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசியடிக்கிறது. மழையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வெறுங்காற்றாகவே அது நம் பக்கம் வருவதால், நனைவது கொஞ்சம், உதிர்வது அதிகம். தோட்டத்தின் மேற்கு, தென்மேற்கு எல்லைகளில் சவுக்கோ சில்வர் ஓக்கோ மலைவேம்போ இரண்டு வரிசைகளாக, ஒரு வரிசையின் இடைவெளியில் மறுவரிசை மரம் நிற்குமாறு நட வேண்டும். மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவுக்குக் காற்றின் வேகம் தணியும். மரம் 25 அடி வளர்ந்தால் 250 அடிக்குப் பாதுகாப்பு. மதில் எழுப்பினால் இன்னும் நல்லதல்லவா என்று சிலர் கேட்கலாம். இல்லை, இடைவெளியற்ற மதிலின் மேல் ஏறி விழும் காற்று, அதன் மறுபுறத்தில் சுழன்றடித்து மேலும் சேதம் விளைக்கும். காற்றைச் சிறிது கசிய விடும் மரவேலியே சிறந்தது.

காற்று வரும் திசையைக் கொண்டே மற்றவற்றையும் அமைக்கலாம். அடுப்பங்கரை தென்கிழக்கில் இருந்தால் புகை வீட்டுக்குள் புகாமல் வெளியே செல்லும். அதை அக்கினி மூலை என்று நம் முன்னோர் வழங்கியதற்கு அவர்கள் சொன்ன காரணம் எதுவாயினும், இவ்வட்டாரத்தில் காற்றின் காரணமே போதுமானது. மாட்டுக் கொட்டகையும் எருக்குழியும் வடகிழக்கில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது அவற்றின் நாற்றம் சற்று வீட்டுப்பக்கம் திரும்பும். அவ்விரு திங்களுக்கு அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதே.

ஞாயிற்றின் போக்கையும் கவனிக்க வேண்டும். வைகை அணை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி பத்தாம் நாள் வரை நண்பகலில் ஞாயிறு நம் தலைக்கு நேர் மேலே நில்லாமல் சிறிது வடக்கே சாய்ந்து நிற்கும். எஞ்சிய திங்கள்களில் தெற்கே சாயும். ஆகவே வெயில் வராத பக்கம் வடக்கு என்று எண்ணி அங்கே இறவாரத்தைக் குறைப்பது தவறு. வீடு கிழக்கு மேற்காக நீண்டு, குறுகிய சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்க, வடக்கிலும் தெற்கிலும் எட்டடி அகலத் தாழ்வாரம் இருக்குமாயின் நீண்ட சுவர் எதிலும் உச்சிவெயில் படாது. மேற்குச் சுவரே மாலையில் அனலாவது; அப்பக்கம் சாமான் அறையை வைத்துவிட்டால் படுக்கும் அறைக்குச் சூடு இறங்காது.

இனி எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 5 ஏக்கர் மாந்தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீடு 30 அடிக்கு 20 அடி, அதாவது 600 சதுர அடி. இருபுறத் தாழ்வாரங்கள் 480. நிழற்கொட்டகை 600. களம் 40 அடிக்கு 40 அடி, 1,600. மாட்டுக் கொட்டகை 240. குளிக்கும் அறையும் கழிப்பிடங்களும் 60. சாலையிலிருந்து வண்டி வந்து செல்ல 12 அடி அகலத்தில் 150 அடி நீளப் பாதை, 1,800. ஆக 5,380 சதுர அடி. ஏறக்குறைய 12 சென்ட், அல்லது 500 சதுர மீட்டர். பத்து மீட்டர் இடைவெளியில் நடும் மாமரம் ஒன்றுக்கு 100 சதுர மீட்டர் வேண்டும். எனவே ஒரு குடும்பமும் அதன் தொழிலும் தங்குவதற்கு நாம் விட்டுக்கொடுப்பது ஐந்து மாமரங்களின் இடமே. இந்த ஐந்தில் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அடங்குவது ஒன்றுக்கும் குறைவு என்பது கவனிக்கத்தக்கது. மற்றவையெல்லாம் வெளியிடங்கள். வீட்டை 1,500 சதுர அடியாக்கி, முன்னே புல்வெளியும் சுற்றிலும் மதிலும் அமைத்தால் பத்துப் பதினைந்து மரங்கள் போய்விடும். அவற்றோடு அவை நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குத் தரக்கூடிய காய்ப்பும் போகும். வார இறுதியில் வந்து செல்லும் பட்டணத்தார்க்கு அது பொருட்டன்று. தோட்டத்தை நம்பிப் பிழைப்பவர்க்கு அது பொருட்டே.

இவ்வெளியிடங்களுள் தலையாயது நிழற்கொட்டகை. தேசியத் தோட்டக்கலை இயக்கத்தின் நெறிமுறைகளில் சிப்பமிடும் கொட்டகைக்கு 9 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கூறப்பட்டிருந்தன. நாம் மேலே சொன்ன 30 அடிக்கு 20 அடி ஏறத்தாழ அதே அளவுதான். மேற்கே மட்டும் சுவர், மற்ற மூன்று பக்கமும் திறப்பு. வண்டி வந்து நிற்கும் பக்கத்தில் தளம் வண்டியின் மட்டத்திற்கு, ஏறக்குறைய மூன்றடி உயர்ந்திருந்தால் கூடையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. தூக்கிப் போடும் பழத்தில் விழும் அடி அன்று தெரியாது. சந்தையில் மூன்றாம் நாள் கறுப்பாய்த் தெரியும். மாங்காயைக் காலையில் பறித்துக் காம்பைச் சிறிது விட்டு நறுக்கி, காம்புப் பக்கம் கீழாகச் சாக்கின் மேலோ வலைத்தட்டின் மேலோ வைத்தால் பால் தோலில் வழியாமல் வடிந்துவிடும். பால் பட்ட தோல் வெந்து கறுக்கும். இவ்வேலைக்கு மரத்தடி போதாதோ எனில், மரத்தடி நிழல் ஒரு நாழிகைக்கு ஓரிடமாக நகர்வது. எறும்பும் மண்ணும் அங்கே உண்டு. காய்ப்பில்லாத திங்கள்களில் இதே கொட்டகை வைக்கோலுக்கும் புளி உலர்த்தவும் பயன்படும். உத்திரத்தை மட்டும் சற்று வலுவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பறிக்க வரும் பெண்கள் தொட்டில் கட்டுவதும் அதில்தான்.

அப்பெண்களைப் பற்றி இங்கே கூறியாக வேண்டும். பருவத்தில் காலை ஆறு மணிக்கு வந்து மாலை வரை உழைப்பவர்க்குக் குடிநீர்ப் பானையும் உண்பதற்கு நிழலும் கழிப்பிடமும் இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. முன்பு தோட்டத்தில் மறைவுக்குக் குறைவில்லை என்று சொல்லிவிடுவார்கள். மரங்கள் கவாத்துச் செய்யப்பட்டு, இடைவெளி சுத்தமாக உழப்பட்டுள்ள இக்காலத் தோட்டத்தில் மறைவு ஏது? வீட்டுக் கழிப்பிடம் வேறு, வேலையாட்களின் கழிப்பிடம் வேறு. பின்னதும் கொட்டகைக்கு அருகே, வீட்டாரின் கதவைத் தட்டாமல் செல்லக்கூடியதாய் இருக்க வேண்டும். இரட்டைக் குழி முறையில் அமைத்தால் ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி மற்றதைப் பயன்படுத்தலாம். மூடிய குழி ஓரிரண்டு ஆண்டில் மக்கி உரமாகிவிடும்.

களத்தை முழுதும் சிமெண்டால் மூடுவதை நாம் விரும்பவில்லை. பகலெல்லாம் உண்ட வெயிலை அது இரவில் வீட்டின் மேல் உமிழும். சாணமிட்டு மெழுகிய களமே போதும். உலர்த்துவதற்கு வேண்டுமாயின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து தள்ளி, சிறிது தளம் போட்டுக்கொள்ளலாம். முற்றத்தின் ஓரத்தில் ஒரு வேம்பும் ஒரு புங்கமும் சுவரிலிருந்து 20 அடி தள்ளி நிற்கட்டும். தென்னையை வாசலுக்கு நேரே வைப்பது கண்ணுக்கு அழகு, தலைக்கு ஆபத்து. விறகை வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் கறையானும் அதன் பின் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

கம்பம் பள்ளத்தாக்கின் கல்தூண் பந்தலைக் கண்டவர்க்கு, திராட்சைக் கொடியையே வாசல் வரை படரவிட்டால் எவ்வளவு குளிர்ச்சி என்று தோன்றும். தோன்றுவது நியாயமே. ஆயினும் அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் ஆகியவற்றுக்காகத் திராட்சைக்கு அடிக்கடி மருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. அக்கொடியின் கீழே குழந்தைகள் உண்டு உறங்குவது தகாது. வாசல் பந்தலில் அவரையும் பீர்க்கும் புடலையும் ஏறட்டும், மல்லிகையும் ஏறலாம்.

மருந்து என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பூச்சிக்கொல்லியை வீட்டுக் கூரையின் கீழ் வைக்கலாகாது. தனி வாயிலுடைய சிறு அறை, வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் விலகி, பூட்டுடன் இருக்க வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. அது சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. குழந்தையின் கைக்கு எட்டாமல் பூட்டு தடுக்கும். மனம் உடைந்த பெரியவரைத் தடுக்காது, ஏனெனில் சாவி அதே வீட்டில்தான் இருக்கிறது. இலங்கையின் சிற்றூர்களில் பூட்டுள்ள பெட்டிகளை வழங்கிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பார்த்தனர். 2017 இல் வெளியான முடிவு, அவற்றால் நஞ்சருந்துவோர் தொகை குறையவில்லை என்பதே. அந்நாட்டில் உயிர்களைக் காத்தது மிகக் கொடிய நஞ்சுகளைத் தடை செய்ததுதான். நம் வீட்டளவில் இதிலிருந்து அறியத்தக்கது, மருந்தைச் சேமித்து வைக்கவே கூடாது என்பதாகும். அன்றைக்கு வேண்டிய அளவை அன்றே வாங்கி, அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். மருந்தறையைச் சிறிதாகக் கட்டுங்கள். பெரிதாகக் கட்டினால் அது நிரம்பிவிடும்.

வீட்டின் சுவர், கூரை பற்றிச் சுருக்கமாகவே கூறலாம், கொத்தனார்கள் அறிந்த செய்தியாதலின். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பினார். அதனால் கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாவதோடு, இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கூரைக்குச் சீமை ஓடு சிறந்தது. 1865 இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொழிற்சாலை தொடங்கியது முதல் அது தென்னாட்டில் எங்கும் பரவிவிட்டது. இடிக்கப்படும் பழைய வீடுகளின் ஓடும் கைமரமும் தேடினால் கிடைக்கும். பழைய தேக்கு புதிய மரத்தினும் மேல். நம் வட்டாரத்தில் ஒன்று மட்டும் மறக்கலாகாது. மேற்குப் பக்கத்து இறவார ஓடுகளைக் கம்பியால் கட்டி, ஓரத்தைச் சாந்திட்டு அடைத்துவிட வேண்டும். தகரக் கூரையாயின் ஓரங்களில் ஆணிகளை நெருக்கமாகப் போட வேண்டும். காற்று கூரையைப் பிடுங்கத் தொடங்குவது ஓரத்திலிருந்துதான். ஓடு இறக்கும் நீரை வாரி வைத்துத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிடுக. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போக 7,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியவையும் சில உண்டு. 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சிற்றூர்களுக்கும் பொருந்தும். தன் நிலம்தானே என்று இராமல் ஊராட்சியில் கேட்டு அனுமதி பெறுக. மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட கிராமங்களில் தனி அனுமதியும் தேவைப்படும். பம்பு செட்டுக்குரிய இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கலாகாது. வீட்டிற்குத் தனி இணைப்பு வேண்டும். கொட்டகைக்கு அரசு உதவி கிடைக்குமா என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டறிந்து, ஆணை கைக்கு வந்த பின்னரே கடைக்கால் தோண்டுக. கடன் வாங்குவதாயினும் கொட்டகைக்கு வாங்குவதில் பொருளுண்டு. அது பழத்தைக் காத்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும். அறைகள் அவ்வாறு தருவதில்லை.

ஆகவே முதலாண்டு ஐப்பசி மழையில் காற்றுத் தடுப்பு மரங்களை நட்டுவிட்டு, கிணற்றையும் கழிப்பிடங்களையும் முடிக்க வேண்டும். இரண்டாமாண்டில் கொட்டகை எழும்பும். அதன் மேற்குச் சுவரை ஒட்டித் தட்டி அடைத்துக்கொண்டு ஓராண்டு தங்கலாம். அந்த ஓராண்டில் வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கே நுழைகிறது, மழைநீர் எப்பக்கம் ஓடுகிறது என்பவையெல்லாம் எந்தப் பொறியாளரும் சொல்லாத அளவுக்குத் தெரிந்துவிடும். கிணறு நிறைந்திருக்கும் தைத் திங்களில் வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தால் சுவருக்கு நீர் ஊற்றத் தட்டுப்பாடு இராது. கூரை வேலை வைகாசிக்குள் முடிந்தாக வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் ஓடு வேய்பவர் கைமரத்தின் மேல் நிற்க முடியாது.